அப்பாவின் சைக்கிள் சாவி

ஈத்தாமொழி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சிநேகிதா, மக்கா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆனி மாதத்தில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டாள். சாரல் விட்டபாடில்லை. மேற்குக் கரையில் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், வள்ளக்காரர்கள் கொண்டுவரும் சாளையும் நெத்தோலியும்தான் கிடைக்கின்றன. விலையைக் கேட்டால் மரச்சீனிக் கிழங்கை வெறும் சம்மந்தித் துவையலோடு தின்றுவிடலாம் என்று தோன்றும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் சாவி உடைந்ததைச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நீ அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த அதே பேட்டரி சைக்கிளை நானும் வாங்கினேன் அல்லவா? கீழே சாய்ப்பில் பிளக் இல்லை. பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்த்தான் சார்ஜ் போடுவேன். போன மாதம் ஒரு நாள், பேட்டரியை வண்டியோடு பிடித்திருக்கும் பூட்டில் சாவி திரும்பவில்லை. கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன். பாதி கையில், பாதி பூட்டுக்குள். பக்கத்து ஒர்க்‌ஷாப் பையன் உடனே டிரில்லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். பூட்டுக்குப் பின்னால் இருப்பது லித்தியம் பேட்டரி. இரும்புத்தூள் முனைகளின் நடுவே விழுந்தாலோ, டிரில் உள்ளே இறங்கி ஒரு செல்லைத் துளைத்தாலோ பற்றிக்கொள்ளும் தீயை யார் அணைப்பது? சார்ஜ் ஒரு கோடுதான் மிச்சம். பெடலை மிதித்தே கோட்டாற்றுக்குப் போனேன்.

அங்கே சாவி செய்கிற அண்ணாச்சி வேலை பார்த்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். முதலில் பேட்டரியை உள்ளங்கையால் கீழே அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பேட்டரி மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பாரம் முழுவதும் பூட்டின் நாக்கில் விழுகிறதாம். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் முறுகுவது சாவிதான். பிறகு ஊசிபோன்ற இரண்டு ரம்பத் துண்டுகளை உடைந்த சாவியின் இரு பக்கமும் நுழைத்து, பல்லில் மாட்டி, மெல்ல வெளியே இழுத்தார். பல் பிடுங்கியதுபோல் வந்தது.

உள்ளே இருந்த பித்தளைத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. கடற்காற்று. அதைவிடப் பெரிய குற்றவாளி தேங்காய் எண்ணெய். நம் ஊரில் கதவுக்கீல் முதல் கிணற்றுக் கப்பி வரை எது கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய்தானே? பூட்டில் விட்டால் அது புழுதியோடு சேர்ந்து பிசின்போல் ஆகிவிடுகிறது. பென்சில் கரித்தூள் வீட்டுப் பூட்டுக்கு நல்லது. ஆனால் கரி மின்சாரத்தைக் கடத்தும், பேட்டரிப் பக்கம் அது வேண்டாம். டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே போதும் என்றார். உடைந்த சாவியை வைத்து நகல் எடுத்தால் அதன் தேய்மானமும் சேர்ந்து நகலாகும் என்பதால், பூட்டின் முகத்தைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, அங்கே பொறித்திருந்த எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுக்குரிய சாவியை வரவழைத்துக் கொடுத்தார். இப்போது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திரும்புகிறது.

இனி அப்பா. போன வியாழன் விளைக்கு, அதுதான் தென்னந்தோப்புக்கு, போகும் வழியில் நம் கடைக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தபோது பேட்டரி ஆடியது. தொட்டேன், கையோடு வந்துவிட்டது. பூட்டவே இல்லை. கேட்டதற்கு, "விரலில் பலம் இல்லை, பூட்டினால் திறக்க முடியவில்லை" என்றார். ஏழெட்டு மாதமாக அப்படியே ஓட்டுகிறார், மக்கா! சானல் கரைச் சாலை இந்த மழையில் எப்படிக் கிடக்கிறது என்று உனக்குத் தெரியும். ஒரு பள்ளத்தில் மூன்று கிலோப் பேட்டரி துள்ளி அவர் காலுக்குள் விழுந்தால் என்ன ஆகும்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"அப்பாவின் வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது, பேட்டரி செத்துவிட்டது, புதிது அனுப்புகிறேன்" என்று நீ எழுதியிருந்தாயே, அனுப்பாதே. மீட்டர் வைத்துப் பார்த்தேன். 36 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 42 காட்ட வேண்டும். அப்பாவுடையது 41.6 காட்டுகிறது. ஒரு சார்ஜில் விளைக்கும் கோயிலுக்குமாக மூன்று நாள் போய்வருகிறார். பேட்டரியில் குறை இல்லை. பூட்டாததால் குலுங்கும்போதெல்லாம் முனை விலகி மின்சாரம் அறுகிறது, மோட்டார் நிற்கிறது. பொறி பறந்து முனைகளில் கறுப்புப் புள்ளிகள்கூட விழுந்திருக்கின்றன. துடைத்துவிட்டேன். இப்போதைக்கு பேட்டரியைச் சுற்றி ஒரு வார்ப்பட்டையை இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் வண்டி, லைசென்ஸ் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து வாங்கினாய். ஆனால் மாற்றுச் சாவியைப் பத்திரம் என்று மஸ்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டாய்! டப்பாவில் போட்டு மூடுகிற உன் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்பாவின் சாவியில் எண் தேய்ந்துவிட்டது. பூட்டின் முகத்தை உப்பு அரித்துவிட்டது, எவ்வளவு தேய்த்தும் எண் தெரியவில்லை. அந்த எண் இப்போது உன்னிடம் உள்ள சாவியில் மட்டும்தான் இருக்கிறது. இன்றே எடுத்துப் படம்பிடித்து எனக்கு மட்டும் அனுப்பு. குடும்பக் குழுவில் போடாதே, எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் சாவி வெட்டிக்கொள்ளலாம்.

பூட்டைக் கழுவிச் சுத்தம் செய்து புதுச் சாவி போட்டுத் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். சாவியின் தலையில் அகலமாக ஒரு மரப்பிடியும் வைக்கச் சொன்னேன், அப்பாவின் விரல்களுக்குப் பிடிக்க எளிதாக இருக்கும்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டார். நேற்று அவரிடமே, "மகனுக்கு எழுதப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சாயாவைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். இன்று காலை வந்து, "எழுதிவிட்டாயா? தேங்காய் வெட்டு முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்து எழுது" என்றார்.

தேங்காய் வெட்டு முடிந்துவிட்டது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மக்கா