ரஜினியின் பஸ் நாள்களில் சண்டைக் காட்சி எதற்கு?

ஆசிரியருக்கு,

ஹாலிவுட் நடிகர் எரால் ஃபிளினின் இளமைக் காலத்தைச் சாகசப் படமாக எடுத்தது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரஜினிகாந்தின் பெங்களூரு நாள்களையும் அதே பாணியில் அதிரடியாக எடுக்கலாமே என்று கட்டுரையாளர் முடிவில் ஆசைப்பட்டிருக்கிறார். எடுக்கட்டும். அதிரடிதான் வேண்டாம் என்கிறேன்.

ஃபிளின் கதை வேறு. தாஸ்மானியாவில் பிறந்த அவர், 1930இல் நண்பர்களோடு பழைய பாய்மரப் படகில் சிட்னியிலிருந்து நியூ கினிக்குக் கிளம்பியவர். கடலும் ஆபத்தும் அந்தக் கதையிலேயே இருக்கின்றன. போதாததற்கு, தன்னைப் பற்றி அளந்துவிடுவதில் ஃபிளினே கெட்டிக்காரர். இயக்குநர் இன்னும் இரண்டு படி சேர்த்து அளந்தாலும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ரஜினி ஆவதற்கு முந்தைய சிவாஜி ராவ் கெய்க்வாட்டின் கதையில் கடல் ஏது? பெங்களூரு ஹனுமந்தநகர் வாழ்க்கை, சிறு வயதில் தாயின் இழப்பு, போலீஸ்காரரான தந்தை, கிடைத்த கூலி வேலைகள், பிறகு பி.டி.எஸ். என்ற பெங்களூரு நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. இதற்குள் கலாசிபாளையத்தில் பத்து அடியாட்களைப் பந்தாடும் காட்சியைச் செருகிவிடுவார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. அந்த வித்தையெல்லாம் அவருடைய மற்ற படங்களில் வேண்டிய மட்டும் இருக்கிறது.

அவர் செய்த சாகசம், 1973இல் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு மதராஸ் போய் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஸ்ரீராமபுரம் பக்கத்தில் ஒருவனுக்கு பி.டி.எஸ். வேலை கிடைத்தால் பெண் கொடுக்க வீடு தேடி வருவார்கள். அதை உதறிவிட்டு, தமிழ் சரளமாக வராத ஒரு மராத்தி இளைஞன் தமிழ் சினிமாவை நம்பிப் போகிறான்! அவருக்குத் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து உதவியவர் அதே பஸ்ஸின் டிரைவர் ராஜ் பகதூர். அந்த உதவி ஒரு மாதம் தாமதமானால் என்ன ஆகும் என்று யோசித்து ஒரு காட்சி எழுதிப் பார்க்கட்டும். எந்தத் துரத்தல் காட்சியைவிடவும் பதைபதைப்பு அதில் இருக்கும். ராஜ் பகதூர் வேடத்துக்கு நகைச்சுவை நடிகரைப் போட்டு, கதாநாயகனின் எடுபிடியாக்கிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வீட்டில் மராத்தி, தெருவில் கன்னடம், மதராஸ் போன பிறகு தட்டுத் தடுமாறித் தமிழ். படமும் அப்படித்தான் பேச வேண்டும். ஹனுமந்தநகர் முழுவதும் சென்னைத் தமிழ் பேசினால் இங்கே தியேட்டரில் சிரிப்பார்கள்.

சண்டைப் பயிற்சியாளருக்கு ஒதுக்கும் தொகையைக் கலை இயக்குநரிடம் கொடுக்கட்டும். அவருக்கு வேலை நிறைய இருக்கிறது. இன்றைய கெம்பேகவுடா பஸ் நிலையம் அன்று கட்டப்படவே இல்லை. 1973 நவம்பர் 1ஆம் தேதிவரை எங்கள் மாநிலத்தின் பெயர் மைசூர். அதற்கு முந்தைய காட்சி எதிலும் அரசுப் பலகையில் 'கர்நாடக' என்று எழுதிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு