பக்கத்து வீட்டு ஜி.டி.ஓ.

டேய் சுந்தரா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டித் தீர்த்திருப்பாய், சரி. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது. விஷயம் அதில்லை. நேற்று 1964 பான்டியாக் ஜி.டி.ஓ.வில் உட்கார்ந்தேன்!

பக்கத்து வீட்டுத் தாத்தாவின் வண்டி. ஆகஸ்டில் டெட்ராய்ட் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களெல்லாம் கூடுமே, அதற்காகத் தூசு தட்டிக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினால் வண்டியே ஒரு பக்கமாகக் குலுங்குகிறது. உன் ராஜ்தூத் மாதிரிதான், ஆனால் இது நகரும். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் கார்புரேட்டர் மட்டும் மூன்று. மெதுவாக மிதித்தால் நடுவில் இருப்பது மட்டும் வேலை செய்யும்; ஓங்கி மிதித்தால் மற்ற இரண்டும் வாயைத் திறக்கும். 348 குதிரைசக்தி!

இது பிறந்ததே ஒரு தில்லுமுல்லில்தான். நடுத்தர கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்பது பான்டியாக்கின் முதலாளியான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) மேலிடத்தின் கட்டளை. பான்டியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியனும் கூட்டாளிகளும் பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினைத் தூக்கி, டெம்பஸ்ட் என்ற நடுத்தர காரில் வைத்தார்கள். தனி மாடல் என்றால்தானே அனுமதி கேட்க வேண்டும்? சுமார் 300 டாலருக்கு ஓர் 'ஆப்ஷன்' என்று பட்டியலில் செருகிவிட்டார்கள். மெஸ் பில்லில் நீ 'இதர' போட்டாயே, அதே வித்தை. முதல் வருடமே 32,450 வண்டி போனது. அப்புறம் மேலிடம் ஏன் வாயைத் திறக்கிறது?

1973 எண்ணெய்த் தட்டுப்பாடுதான் இந்த மாதிரி பெரிய எஞ்சின் வண்டிகளைக் கொன்றது என்று அடித்துப் பேசுவாய். அதற்கு முன்பே இன்ஷூரன்ஸ்காரன் பிரீமியத்தை ஏற்றிக் கழுத்தைப் பிடித்துவிட்டான். புகைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. இன்ஷூரன்ஸ்காரனைத் திட்டவும் மனம் வரவில்லை. நாலு சக்கரத்திலும் வெறும் டிரம் பிரேக்கடா. தாத்தாவின் சிநேகிதன் ஒருவன் பத்தொன்பது வயதில் அதே உட்வர்டில் போய்ச் சேர்ந்தானாம். சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

இப்போது சிக்கல் என்னவென்றால், வண்டியை விற்கப் போகிறார். முதலில் என்னைத்தான் கேட்டிருக்கிறார். விலையை எழுத மாட்டேன், உன் வீட்டு அம்மணி படித்தால் அன்றைக்கே பத்மாவுக்குப் போன் போகும். வாங்கட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் எழுது. ஆபீஸ் முகவரிக்கு.

உன்,
மணி