டப்பாவுக்குள் விழாததையும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், முன்பு போல விந்து வருவதில்லை, அளவு ரொம்பக் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்த 41 வயது வாசகருக்கு முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மன அமைதி என்று பதில் போட்டிருந்தீர்கள். கீரை சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 22 வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்து, பரிசோதனைக்கு விந்து பிடித்துத் தரும் டப்பாக்களை வாங்கி வாங்கியே முடி நரைத்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

குறைவு என்று வரும் ரிப்போர்ட் பலவற்றுக்குக் காரணம் உடம்பே இல்லை, டப்பாவுக்குள் முழுசாக விழாததுதான். நான் வேலை பார்த்த இடத்தில் அதற்கென்று தனி அறை கிடையாது, எல்லோரும் போகிற கழிப்பறைதான், தாழ்ப்பாளும் சரியாக விழாது, உள்ளே போன இரண்டாவது நிமிஷம் யாராவது கதவைத் தட்டுவார்கள். அந்தப் பதற்றத்தில் முதலில் வருவது கீழே சிந்திவிடும், உயிரணு அதிகம் இருப்பதும் அந்த முதல் பகுதியில்தான். டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி, முகத்தைப் பார்க்காமல் நீட்டுகிறவரிடம் "சிந்துச்சா சார்?" என்றால் இல்லை என்றுதான் தலையாட்டுவார். "கொஞ்சம் வெளியே போயிருந்தாலும் சொல்லுங்க, இன்னொரு நாள் காசில்லாம பார்த்துக்கலாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால்தான் உண்மை வரும். இதை நான் கற்றுக்கொள்ளவே நாலைந்து வருஷம் ஆனது. அதற்குள் எத்தனை பேரைத் தப்பான ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு அனுப்பினேனோ.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் அளவுக்கான கீழ் வரம்பு 1.4 மில்லி, அதாவது டீஸ்பூனில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதுவும் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால். நேற்று இரவு உறவு வைத்துவிட்டு இன்று காலையில் வந்து கொடுத்தால் குறையாமல் என்ன செய்யும்? இன்னொன்று, விந்தில் பெரும்பகுதி விந்துப்பையில் ஊறும் நீர், அடுத்தது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் இருந்து வருவது. விதையில் இருந்து வரும் பங்கு சில சதவீதம்தான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கு அளவு குறைந்ததாகவே தெரியாதே, அது இதனால்தான்.

ஒரு லாரி டிரைவர் வந்தார், பத்து வருஷமாகச் சர்க்கரை. உச்சம் வருகிறது சார், ஆனா ஒண்ணுமே வரலை என்றார், சொல்லும்போது காது வரை சிவந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி, உடனே சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னோம். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அதில் உயிரணுக்கள் கிடக்கின்றன. சர்க்கரையால் நரம்பு பாதித்து, சிறுநீர்ப்பையின் வாய் அந்த நேரத்தில் மூடாமல், முன்னால் வர வேண்டியது பின்னால் போயிருக்கிறது. குழந்தை வேண்டும் என்றால் சோடா உப்பு கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து, அதிலிருந்தே உயிரணுவைப் பிரித்தெடுக்க வழி உண்டு. அவர் வீட்டிலோ அதுவரை டாக்டர் டாக்டராக ஏறி இறங்கியது அவர் மனைவி மட்டும்தான்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் என்றால் முதலில் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்வேன். சிறுநீர் தடையில்லாமல் போக புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், சிலோடோசின் இரண்டுமே விந்தைக் குறைக்கும், சிலருக்கு வராமலே செய்துவிடும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிறுநீர் அடைத்துக்கொண்டால் அது வேறு அவஸ்தை. எழுதித் தருகிற டாக்டர் இதை ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்புறம் வயது ஏற ஏறக் குறைவது இயல்பு. புராஸ்டேட் ஆபரேஷன், டெஸ்டோஸ்டிரோன் குறைவு, மன அழுத்த மாத்திரைகள் சில, இவையும் காரணம் ஆகலாம். அளவும் குறைந்து உயிரணுவும் இல்லை, திரவம் அமிலத்தன்மையோடு இருக்கிறது என்றால் விந்து வரும் குழாயில் அடைப்போ, பிறவியிலேயே அந்தக் குழாய் இல்லாததோ இருக்கலாம். அதற்குச் சிறுநீரக அறுவை நிபுணரைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, கோபிக்காதீர்கள். அந்தப் பதிலுக்கு அடுத்த பக்கத்திலேயே 'இழந்த சக்தியை 48 நாளில் மீட்கலாம்' என்று கால் பக்க விளம்பரம். இந்த மாதிரி விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மத்தியச் சட்டம் போட்டாகிவிட்டது. பயந்துபோன அந்த 41 வயதுக்காரர் கீரை வாங்கப் போவாரா, அந்த நம்பருக்கு போன் போடுவாரா? விளம்பரப் பிரிவில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மதுரை.