ராத்திரி பத்து மணிப் பசி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் எடை குறைப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கவலை வந்தால் தின்கிற பழக்கத்துக்கு அதில் சொன்ன ஒரே மருந்து மனக்கட்டுப்பாடு. கூடவே ஒரு அட்டவணை: காலையில் ஓட்ஸ், மத்தியானம் ஒரு கப் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. எழுதியவர் ராத்திரி பத்து மணிக்கு அடுக்களையில் லைட் போடாமல் நின்று, ஏத்தங்காய் சிப்ஸ் டப்பா மூடியைச் சத்தம் வராமல் திறந்தவராக இருக்க மாட்டார். நான் திறந்திருக்கிறேன், வருஷக்கணக்காக.

ஊர் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை, வயது 54, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.8. அட்டவணை எல்லாம் நானும் பார்த்தாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவக்காலம் முழுக்கச் சிப்ஸ், பழம்பொரி, முந்திரிக்கொத்து எதையும் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன் (பக்தி பாதி, எடை மிஷின் பாதி, ஆண்டவருக்குத் தெரியாததா). நாற்பது நாளும் காத்தேன். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை வடசேரியில் பஸ் ஏறும் முன் அரைக் கிலோ சிப்ஸ் வாங்கினேன், தக்கலையில் இறங்கும்போது பொதியில் பாதி இல்லை.

இது என் ஒருத்தியின் நாக்குக் கோளாறு இல்லை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர், தாங்களாகவே முன்வந்த 36 வாலிபர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். நல்ல திடகாத்திரமான ஆட்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை, சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், திரும்பச் சாப்பாடு கொடுத்தபோது எவ்வளவு தின்றும் சிலருக்கு அடங்கவில்லை. அவர்கள் கதியே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்.

எனக்கு வழி காட்டியது சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் ஒரு நர்ஸ். "என்ன தின்னீங்கன்னு எழுத வேண்டாம்க்கா, எத்தனை மணிக்குத் தின்னீங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதை மட்டும் எழுதுங்க" என்றார். பழைய நோட்டு ஒன்றில் மூன்று வாரம் எழுதினேன். பார்த்தால் பத்து மணி, பத்தேகால், பத்து மணி என்றே வருகிறது. மகள் குவைத்தில் நர்ஸ். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அவள் டியூட்டி முடிந்து கூப்பிட இங்கே ஒன்பதரை ஆகிவிடும். போனை வைத்ததும் வீடு அப்படியே அடங்கிப்போகும். சில நாள் அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், முகம் மட்டும் வாடியிருக்கும். அன்றைக்குத்தான் டப்பா காலி. வயிறு பசித்துத் தின்றதாக அந்த நோட்டில் நாலு நாள்கூட இல்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, அப்புறம்? சிப்ஸை நான் விலக்கவில்லை. லைட்டைப் போடுவது, தட்டில் எடுத்து வைப்பது, உட்கார்ந்து தின்பது, இவ்வளவுதான். முதல் நாளே மாமியார் உள்ளேயிருந்து, "இப்பமாவது லைட்டப் போட்டுத் தின்னுதியே, நல்லது" என்றார். இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது!

1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின் தொடங்கிய மனப்பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு உலர் திராட்சையைக் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று தின்னச் சொல்வார்களாம். நான் அதைச் சிப்ஸில் செய்தேன். முதல் இரண்டும் அருமை, நாலாவதில் உப்பும் எண்ணெயும் மட்டும்தான் தெரிந்தது. ஆலன் மார்லட் என்ற மனநல ஆய்வாளர், ஆசையை அலை மாதிரி பார்க்கச் சொன்னார், ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும், எதிர்த்து நிற்க வேண்டாம் என்று. கடற்கரை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் கணக்கில் ஒரு அலைக்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் பக்கத்து வீட்டு அக்காவோடு நடையில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறேன், அவருக்கும் தூக்கம் வருவதில்லை. எடை இரண்டு கிலோ குறைந்து, மழைக்காலத்தில் ஒரு கிலோ திரும்பி வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வழி எல்லோருக்கும் போதாது. வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதமாக, நிறுத்தவே முடியாமல் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறித் தின்று, பின்னால் மனசு வெந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 2013இல் அதைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டது. அவர்களிடம் போய் நாவை அடக்கு என்பது கால் முறிந்தவனை ஓடச் சொல்கிற மாதிரி. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்குக் கூப்பிட்டால் காசில்லாமல் பேசலாம், உங்கள் கட்டுரையில் அந்த எண்ணைக்கூடப் போடவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், நல்ல காரியம். வருகிற அக்காமார் "ராத்திரி எத்தனை மணிக்குத் தின்கிறீர்கள், அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்க ஏற்பாடு செய்தால் என்ன? பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை என்று உங்கள் நிருபர்களுக்குத் தெரியும். அடுத்த இணைப்பில் இதை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தக்கலை