பருவ இறுதிக் கடிதம்: காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் முடியப் போகிறது. தேர்வுகள் நல்லபடியாக நடந்தன. அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் எவ்வளவு உழைத்தார்கள் என்பதை நீங்களே வந்து பார்த்தீர்கள். பேச்சு, ஓவியம், வினாடி வினா எல்லாவற்றிலும் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். விடைத்தாள்கள் திங்கட்கிழமை வீட்டுக்கு வரும், பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

விளையாட்டு விழாவுக்காக நடக்கும் காலைப் பயிற்சியைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கடந்த இரண்டு வாரத்தில் மூன்று பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைசுற்றி மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மூவரும் இப்போது நலமாக இருக்கிறார்கள். விசாரித்தால், முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான், காலையில் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. அப்புறம் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கு வந்த எல்லோரையும் கேட்டார். பலர் அதே நிலையில்தான் இருந்தார்கள். சிலருடைய பையில் சாப்பாட்டுக்குப் பதிலாக எனர்ஜி டிரிங்க் இருந்தது.

ஆறரை மணிக்குப் பிள்ளையை மைதானத்தில் கொண்டுவந்து விடுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் "பசிக்கலம்மா" என்று சொல்லும் பிள்ளையிடம் மல்லுக்கட்ட யாருக்கும் நேரமிருக்காது. சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு பிடிக்கும் என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்த்தவர்களும் இருக்கிறீர்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் நீங்களே இதை வேறு விதமாகப் பார்ப்பீர்கள்.

ஓடத் தொடங்கிய முதல் சில நொடிகளுக்குத் தேவையான சக்தி தசையிலேயே தயாராக இருக்கிறது. பத்து நொடி போல அது தாங்கும். அதன் பிறகு வேகமாக ஓட முக்கிய எரிபொருள் மாவுச்சத்துதான். சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் என்று நாம் சாப்பிடுவது சர்க்கரையாக மாறி, மிஞ்சியது கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. நன்றாகச் சாப்பிடும் பெரியவர் ஒருவருக்குத் தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கும். பிள்ளைகளுக்கு உடம்பு சிறியது, கையிருப்பும் குறைவு.

இந்த இரண்டு கையிருப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தசையில் இருப்பது அந்தத் தசைக்கு மட்டும்தான், அதை ரத்தத்துக்குச் சர்க்கரையாகத் திருப்பித் தர அதனால் முடியாது. ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். இரவு முழுக்க அதைக் கொடுத்துக் கொடுத்து, விடியும்போது கல்லீரலின் கையிருப்பு பெருமளவு குறைந்திருக்கும். அதனால்தான் ஓடக் காலில் தெம்பு இருந்தும் தலை சுற்றுகிறது. பிள்ளை சோம்பேறித்தனத்தில் உட்காரவில்லை, மூளைக்கு வர வேண்டியது வரவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1924-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்தவர்கள் சிலரின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். மிகவும் துவண்டுபோய் வந்தவர்களுக்குச் சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. அடுத்த வருடம் ஓட்டக்காரர்களை முன்கூட்டியே மாவுச்சத்து நிறையச் சாப்பிடச் சொல்லி, வழியில் மிட்டாயும் கொடுத்தார்கள். இந்த முறை நல்ல நிலையில் ஓடி முடித்தார்கள்.

"உடம்பில் கொழுப்பு இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளாதா?" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4 தான். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும், அதே அளவு சக்திக்கு ஆக்சிஜனும் கூடுதலாக வேண்டும். நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் அது நன்றாகக் கைகொடுக்கும், வேகம் கூடும்போது ஈடுகொடுக்காது. புரதம் முக்கியமாகத் தசையைச் சரிசெய்யவும் வளர்க்கவும் பயன்படுகிறது, ஓடும்போது அதிலிருந்து வரும் சக்தி கொஞ்சம்தான். எனவே புரோட்டீன் பவுடர் கொடுத்து அனுப்ப வேண்டிய தேவையில்லை. வீட்டுச் சாப்பாட்டில் வரும் பருப்பு, முட்டை, பால் போதும்.

இனி நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். வரும் திங்கள் முதல், எதுவும் சாப்பிடாமல் வரும் பிள்ளை பயிற்சியில் இறங்க முடியாது. ஒரு பழம் கொடுத்து ஓரமாக உட்கார வைப்போம். இது தண்டனை இல்லை, ஆனால் அணித் தலைவருக்கும் இதே விதிதான். எனர்ஜி டிரிங்க் வளாகத்துக்குள் வரக் கூடாது. வந்தால் வாங்கி வைத்து, பெற்றோர் நேரில் வந்தால் மட்டுமே திருப்பிக் கொடுப்போம். அதிலுள்ள கஃபீன் எரிபொருள் அல்ல, களைப்பு தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளும் பதின்ம வயதினரும் அதைக் குடிக்கவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2011-லேயே சொல்லிவிட்டது. இந்த விஷயத்தில் தயவுசெய்து விதிவிலக்கு கேட்காதீர்கள்.

சரி, என்ன கொடுப்பது? முழுச் சாப்பாடு என்றால் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும், அது காலையில் நடக்காத காரியம். பயிற்சிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு ரொட்டியோ போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், சீரணமாக நேரமாகும், வயிறு பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். காலையில் எதுவுமே இறங்காத பிள்ளைக்கு அரை தம்ளர் பாலில் தொடங்குங்கள், சில நாளில் பழகிவிடும். முழுக் காலை உணவை டப்பாவில் கொடுத்துவிடுங்கள், பயிற்சி முடிந்ததும் சாப்பிட நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

தண்ணீர் பாட்டிலையும் மறக்க வேண்டாம். உடல் எடையில் 2 சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே ஓட்டம் தளரத் தொடங்கும். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 800 மில்லிலிட்டர்தான். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும், வியர்வையில் போன உப்பு அடுத்த சாப்பாட்டில் திரும்பிவிடும்.

சாப்பிட்டு வந்தும் தலைசுற்றுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ள பிள்ளையாக இருந்தால் உடற்கல்வி ஆசிரியருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். எந்தக் காரணத்தாலும் காலையில் உணவு கொடுத்து அனுப்ப முடியாத வீடாக இருந்தால் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளியிலேயே ஏற்பாடு செய்கிறோம், அது வெளியே தெரியாது.

பிள்ளைக்குக் கொடுக்கும் பழத்தோடு நண்பர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் சிலரை உடற்கல்வி ஆசிரியர் என்னிடம் குறிப்பிட்டுச் சொன்னார். உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. தூக்கத்தை விட்டு எழுந்து, இருட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டிவரும் எல்லோருக்கும் நன்றி. விளையாட்டு விழாவில் சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்