செயலி எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயலிகளும் இணையதளங்களும் எழுதிப் பிழைக்கும் என் சக நிரலாளர்களுக்கு,

வணக்கம்.

இணையத்தில் மக்களின் அந்தரங்கம் பறிபோவதைப் பற்றி அரசுகளுக்கும் பெரிய நிறுவனங்களின் தலைவர்களுக்கும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். ஒருவர் எங்கே போகிறார், எதைத் தேடுகிறார், இரவு எத்தனை மணிக்குப் போனைக் கீழே வைக்கிறார் என்பதையெல்லாம் குறித்துவைக்கும் நிரலை எந்தத் தலைவரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. நாம்தான் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வானிலை சொல்லும் ஒரு செயலியில் வேலை பார்த்தேன். சின்னக் குழு. ஒரு நாள் மேலாளர் ஒரு எஸ்டிகே-யின், அதாவது வேறொரு நிறுவனம் தயாராக எழுதித் தரும் நிரல் தொகுப்பின், இணைப்பை அனுப்பி, "இதைச் சேர்த்துவிடுங்கள், விளம்பர வருமானத்துக்கு" என்றார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தத் தொகுப்பை (நூலகம் என்போம்) உள்ளே இழுக்க ஒரு வரி, செயலி தொடங்கும்போது அதை எழுப்பிவிட இன்னொரு வரி. இருப்பிட அனுமதி ஏற்கெனவே கையில் இருந்தது. நாளை மழை வருமா என்று தெரிந்துகொள்வதற்காகப் பயனர்கள் கொடுத்தது. சோதனையின்போது என் போனிலிருந்து என்ன வெளியே போகிறது என்று பார்த்தேன். செயலி மூடியிருக்கும்போதும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், போனின் விளம்பர அடையாள எண் எல்லாம் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. என் வீடு, அலுவலகம், அந்த வாரம் முழுக்க அம்மாவோடு நான் உட்கார்ந்திருந்த மருத்துவமனை, எல்லாமே அந்த வரிசையில் இருந்தன. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பெயர் போகவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த டிக்கெட்டை, அதாவது பட்டியலில் அடுத்த வேலையை, எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் எவ்வளவு பொய் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. 15 லட்சம் பேரின் 15 மாத கைபேசிப் பதிவுகளை வைத்துச் செய்தது. ஒருவர் எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு குறிப்புகள் இருந்தால், 95 சதவீதம் பேரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிட முடிந்தது. கொஞ்சம் யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. இரவில் ஒரு கூரையின் கீழும் பகலில் ஒரு மேசையிலும் இருக்கும் போன், உலகத்தில் ஒரே ஒருவருடையதுதான். 2019 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதை எல்லோருக்கும் புரியும்படி காட்டியது. இருப்பிடத் தரவு சேர்க்கும் ஒரே ஒரு நிறுவனத்தின் கோப்பு அவர்கள் கைக்கு வந்திருந்தது: 1.2 கோடி போன்கள், 5,000 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். ஒரு பெயரும் அதில் இல்லை. அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பாகப் போன ஒருவரின் போனையே அதிலிருந்து அடையாளம் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதிவுகள் வானத்திலிருந்து விழவில்லை. என்னைப் போன்ற யாரோ ஒருவர் சேர்த்த அந்த இரண்டு வரிகள் வழியாகத்தான் போயிருக்கின்றன.

விளம்பர ஏலம் எப்படி நடக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் திறக்கும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் அதிலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்கு வருகிறது; "இப்படி ஒருவர் வந்திருக்கிறார், இந்தப் பக்கத்தைப் படிக்கிறார், ஏறக்குறைய இந்த இடத்தில் இருக்கிறார், அடையாள எண் இது" என்ற தகவல் பல நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் போகிறது. ஏலத்தில் ஜெயிப்பது ஒரே ஒரு நிறுவனம். தகவல் போய்ச் சேர்வது எல்லோருக்கும். தோற்றவர் அதை என்ன செய்தார் என்று திரும்பிப் போய்ப் பார்க்க யாரும் இல்லை. விளம்பரமே போடாமல், அந்த ஓடையில் வருவதைச் சேர்த்து விற்பதற்காகவே வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு.

சரி, விளம்பரக்காரர் பார்த்தால் என்ன, செருப்பு விளம்பரம் வரும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே நின்றிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். கம்பெனிகள் பார்ப்பது வேறு, அரசு பார்ப்பது வேறு என்று நாம் மனதுக்குள் ஒரு சுவர் கட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சுவர் இல்லை.

2013-ல், அமெரிக்க உளவு அமைப்புக்கு ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்கள், பெரிய இணைய நிறுவனங்களின் சர்வர்களில் குவிந்ததை உளவு அமைப்புகள் எப்படிப் பயன்படுத்திக்கொள்கின்றன என்று காட்டின. அப்போது நீதிமன்றம், உத்தரவு, ரகசிய ஆணை என்று ஏதோ ஒரு வாசலாவது இருந்தது. அப்புறம் 2018 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கார்பென்டர் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவரின் 127 நாள் நடமாட்டம், 12,898 இடக் குறிப்புகள், கைபேசி நிறுவனத்திடமிருந்து எடுக்கப்பட்டிருந்தன. இப்படி எடுக்கப் பொதுவாக நீதிபதியின் வாரன்ட் வேண்டும் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்புதான். ஆனால் கேட்டு வாங்குவதற்குத்தான் வாரன்ட். கடையில் இருப்பதைக் காசு கொடுத்து வாங்க எதற்கு வாரன்ட் என்று அரசுத் துறைகள், தரவைச் சேர்த்து விற்கும் தரகர்களிடம் போயின. 2020-ல், தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் ஒரு செயலியிலிருந்து இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போனதும், அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததும் செய்தியாக வந்தன. எந்தப் பக்கம் திரும்பித் தொழ வேண்டும் என்று பார்க்கத்தான் மக்கள் அந்த அனுமதியைக் கொடுத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மழைக்காக வாங்கிய அனுமதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2023 ஜூனில் அமெரிக்க உளவுத் துறைகளின் தலைமை அலுவலகமே ஓர் அறிக்கையை வெளியிட்டது. சந்தையில் கிடைக்கும் தரவில் ஏறக்குறைய எல்லோரைப் பற்றியும் நுணுக்கமான விவரங்கள் இருக்கின்றன, முன்பெல்லாம் ஒருவரைக் குறிவைத்துப் பின்தொடர்ந்தால் மட்டுமே கிடைத்திருக்கக்கூடியவை அவை என்று அதிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில்தான் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், மருத்துவமனை, வழிபாட்டிடம் போன்றவற்றைக் காட்டிக்கொடுக்கும் இருப்பிடத் தரவை எக்ஸ்-மோட் விற்கக் கூடாது என்று நடவடிக்கை எடுத்தது.

பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள்களைப் பற்றி நாம் கொதித்துப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அவை ஒவ்வொரு போனாகக் குறிவைத்து, பெரும் செலவில் நுழைபவை. நம் எஸ்டிகே கோடிப் பேரின் பையில் செலவே இல்லாமல் போய் உட்கார்ந்துவிடுகிறது.

எங்கள் அரசு நல்ல அரசு, தப்பாகப் பயன்படுத்தாது என்று சொல்லும் நண்பர்களுக்கு நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அங்கே மக்கள்தொகைப் பதிவேடு மிக ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் மதத்துக்கும் ஓர் இடம். அதைத் தொடங்கியவர்கள் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. 1940-ல் ஜெர்மன் படை நாட்டைப் பிடித்ததும் அந்தப் பதிவேடு அப்படியே கைமாறியது. யூதர்களைத் தேடிப் பிடிக்க அது உதவியது. 1943 மார்ச் 27 அன்று, வில்லெம் அரொண்டியஸ் என்ற ஓவியரும் அவருடைய தோழர்களும் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் போலீஸ் உடையில் நுழைந்து வெடிவைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே மெதுவாக வந்து, நெருப்பைவிட அட்டைகள் மீது அதிகமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்படியும் ஒரு பகுதிதான் அழிந்தது. அந்தச் செயலுக்காக 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். போர் முடிந்தபோது அந்நாட்டு யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் உயிரோடு இல்லை. அட்டையில் அந்த ஓர் இடத்தைச் சேர்த்த ஊழியரைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவரும் சொன்ன வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

நம் கையில் உண்மையிலேயே அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2016-ல் சிக்னல் என்ற செய்தி அனுப்பும் செயலியை நடத்தியவர்களுக்கு அமெரிக்க நீதிமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது: ஒரு பயனரைப் பற்றி இருப்பதையெல்லாம் கொடுங்கள். அவர்கள் அடம் பிடிக்கவில்லை, இருந்ததைக் கொடுத்தார்கள். கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதையும் சேர்த்துவைக்காதபடிதான் முதலிலேயே எழுதியிருந்தார்கள்.

இன்னொன்று கூகுள். ஃபுளோரிடாவில் ஒருவர் உடற்பயிற்சிச் செயலியை ஓடவிட்டுத் தன் பகுதியில் சைக்கிளில் சுற்றிவந்தார். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வீட்டை மூன்று முறை கடந்திருந்தார். அன்று அந்த வீட்டில் திருட்டு. அந்த நேரத்தில் அங்கே இருந்த போன்கள் எவை என்று வாரன்டோடு கூகுளிடம் கேட்டது போலீஸ். 2020-ல் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்கள் கணக்கின் தரவைப் போலீஸ் கேட்கிறது, தடுக்க வேண்டுமானால் 7 நாளில் நீதிமன்றம் போங்கள். குற்றமற்ற ஒரு மனிதர் பெற்றோரிடம் பணம் வாங்கி வக்கீல் வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் கூகுள் ஒரு மாற்றத்தை அறிவித்தது. இருப்பிட வரலாறு இனி சர்வரில் சேராது, பயனரின் போனிலேயே இருக்கும். அப்படி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருந்தவர்களையெல்லாம் அந்த வரலாற்றிலிருந்து அள்ளித் தரும் வசதி அதனால் போய்விடுகிறது. எத்தனையோ வழக்குகளும் விவாதங்களும் முடிவுக்குக் கொண்டுவராததை, தரவை எங்கே வைப்பது என்ற ஒரு பொறியியல் முடிவு கொண்டுவந்தது.

அதனால் உங்களிடம் கேட்பதெல்லாம் நாம் தினமும் செய்யும் வேலைக்குள்ளேயே இருக்கிறது. வானிலை சொல்ல ஊர் தெரிந்தால் போதும், வீட்டு வாசல் தேவையில்லை. அட்சரேகையில் தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் என்றால் சுமார் 11 கிலோமீட்டர். ஐந்து இலக்கம் என்றால் சுமார் ஒரு மீட்டர். போனை விட்டு வெளியே போகும் முன்பே சுருக்கிவிடுங்கள். நடப்பதையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் லாக் கோப்புகளில் மின்னஞ்சல் முகவரியும் ஐபி முகவரியும் வருடக்கணக்கில் கிடக்கின்றன. யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை, திருடுபவரைத் தவிர. அவற்றுக்கு ஒரு கெடு வையுங்கள். வேறொருவரின் நூலகத்தைச் சேர்க்கும் முன் அது எந்த சர்வரோடு பேசுகிறது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நீங்கள் பேசுங்கள்.

அனுமதி கேட்கும் பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "ஏற்கிறேன்" பெரிய பச்சைப் பொத்தானாகவும், மறுப்பது மூன்று திரை தள்ளிச் சாம்பல் நிற எழுத்திலும் இருந்தால் அது சம்மதம் இல்லை. உலாவியில் தளங்கள் வைக்கும் சிறு கோப்புகளான குக்கீகளை ஏற்பது போல மறுப்பதும் எளிதாக இல்லை என்பதற்காகவே பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. நேர்மையாகக் கேட்டால் மக்கள் என்ன சொல்வார்கள் என்பது 2021 ஏப்ரலுக்குப் பிறகு தெரிந்துவிட்டது. பிற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஐபோன் நேரடியாகக் கேட்கத் தொடங்கியது. அந்த மாற்றத்தால் 2022-ல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொன்னது. அவ்வளவு பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். முன்பும் வேண்டாம் என்றுதான் இருந்திருப்பார்கள், நாம் கேட்கவில்லை.

நான் மறுத்தால் வேறொருவர் செய்துவிடுவார் என்பது உண்மைதான், பல நேரங்களில். ஆனால் எப்போதும் இல்லை. 2018-ல் தணிக்கைக்கு உட்பட்ட ஒரு தேடுபொறியை, டிராகன்ஃபிளை என்ற பெயரில், சீனாவுக்காகக் கூகுள் ரகசியமாகத் தயாரிப்பது வெளியே வந்தது. தேடுபவரின் தொலைபேசி எண்ணோடு தேடலை இணைக்கும் மாதிரி அமைப்பு அதில் இருப்பதாகவும் செய்தி வந்தது. உள்ளே வேலை பார்த்தவர்களே நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். சிலர் வேலையை விட்டார்கள். 2019 ஜூலையில் அத்திட்டம் கைவிடப்பட்டதாகக் கூகுள் அமெரிக்க செனட்டில் சொன்னது. எல்லோராலும் வேலையை விட முடியாது. எனக்கும் அப்போது முடிந்திருக்காது. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் சரிபார்க்கும் ரிவியூவில் "இது எதற்கு?" என்று ஒரு வரி எழுத முடிந்திருக்கும். எழுதியிருந்தால் குழுவில் இன்னும் இரண்டு பேராவது சேர்ந்து கேட்டிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது, ஏனென்றால் அவர்களும் அதைக் கவனித்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார்கள்.

அந்தச் செயலியிலிருந்து அந்த எஸ்டிகே-யைப் பிறகு எடுத்துவிட்டோம். அதுவரை போனது போனதுதான். எத்தனை கை மாறியிருக்கிறது, எங்கே கிடக்கிறது, அழிக்கச் சொல்லி யாரிடம் கேட்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பயனர்களுக்கோ அப்படி ஒன்று போனதே தெரியாது.

நாளை வேலைக்குப் போனதும் உங்கள் செயலியின் அனுமதிப் பட்டியலையும், அது இழுத்துவரும் நூலகங்களின் பட்டியலையும் திறந்து பாருங்கள். எதற்கு இருக்கிறது என்று உங்கள் வீட்டில் ஒருவருக்கு முகம் பார்த்து விளக்க முடியாத வரி ஏதாவது இருந்தால், அதை எடுப்பதற்கு ஒரு டிக்கெட் போட்டு உங்கள் பெயரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்