ஆழம் தெரியாமல் காலை விடாதே, கௌரி

அன்புள்ள கௌரி,

உன் குரல்பதிவுக்குப் பதில் போடாமல் இழுத்தடித்துவிட்டேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. மாமா, அத்தை இருவரையும் கேட்டதாகச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடியில் உங்கள் சங்கம் பத்தாயிரம் பவளம் நடப்போகிறது, நீதான் செயலாளர், சிங்கப்பூர்த் திட்டம்தான் முன்மாதிரி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். சந்தோஷம்தான். ஆனால் காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை முழுக்கப் படி.

இங்கே தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின் இலக்கு 100,000 பவளங்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கெடு குறைந்தது பத்து ஆண்டு. வகுத்துப் பார். ஆய்வுக்கூடம், செயிண்ட் ஜான்ஸ் தீவில் வளர்ப்புத் தொட்டிகள், முக்குளிப்பாளர்கள் என்று சகலமும் உள்ள ஓர் அரசாங்க அமைப்பு ஓர் ஆண்டு முழுவதும் நடப்போகும் அளவை, உங்கள் சங்கம் ஒரே பருவத்தில் நடப்போவதாகச் சொல்கிறது. உங்கள் ஒப்பந்தக்காரர் பெரிய கெட்டிக்காரராக இருக்கவேண்டும், இல்லையென்றால் நட்டபின் திரும்பிப் பார்க்காதவராக இருக்கவேண்டும்.

நடுவது எப்படி என்று கேட்டாய். துண்டுகளை நல்ல பாறையிலிருந்து உடைத்து எடுக்கக்கூடாது. நங்கூரமோ அலையோ உடைத்துப்போட்டு, அடியில் உருண்டுகொண்டிருக்கும் உயிருள்ள துண்டுகளைத்தான் பொறுக்கவேண்டும். விட்டால் அவை எப்படியும் சாகும். வேறு வழியே இல்லாமல் தாய்ப் பவளத்திலிருந்து எடுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நிழலில், கடல்நீரிலேயே வைத்திருக்கவேண்டும். வெட்டிய முகத்தில் பசையோ, இரண்டு பகுதியாக வரும் எபாக்ஸிப் பிசினோ வைத்துச் சிறு தட்டில் ஒட்டுவார்கள். எபாக்ஸியில் இரண்டு பகுதியையும் சரிபாதியாக எடுத்து நிறம் ஒன்றாகும்வரை பிசையவேண்டும். அவசரத்தில் அரைகுறையாகப் பிசைந்தால் இறுகவே இறுகாது.

ஒட்டிய தட்டுகளைக் கடலடியில் நேராக வைக்காமல், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் வலை விரித்த சட்டங்களில் வைப்பார்கள். வண்டல் வலைக்கண் வழியே கீழே விழட்டும் என்றுதான். இதற்குப் பிறகு வருவதுதான் யாரும் விளம்பரத்தில் சொல்லாத வேலை. இழைப்பாசி படர்ந்துகொண்டே இருக்கும். தூரிகை எடுத்துக்கொண்டு மாதம் தவறாமல் யாராவது இறங்கித் தேய்க்கவேண்டும். ட்ருப்பெல்லா என்றொரு சிறு நத்தை இரவில் வந்து சதையை மேய்ந்துவிட்டு வெள்ளை எலும்பை மட்டும் விட்டுப்போகும். பகலில் அடிப்பக்கத்து இடுக்கில் தேடிப் பொறுக்கி எடுக்கவேண்டும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இப்படி வளர்த்தபிறகுதான் பாறைக்கு மாற்றுவது. அங்கேயும் பாறையைக் கம்பித் தூரிகையால் வெள்ளை தெரியும்வரை சுரண்டாமல் எபாக்ஸி வைத்தால், அது பாசியைத்தான் பிடித்துக்கொள்ளும். முதல் பெரிய அலையில் பாசியோடு பவளமும் போகும்.

உங்கள் பக்கம் இன்னொரு சிக்கல். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளம் வெட்டிய இடங்களில் மிஞ்சியிருப்பது சரளைதான். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி தீவுகள் எப்படி நீருக்குள் போயின என்று மாமா நமக்குச் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். அலைக்கு உருளும் சரளையில் ஒட்டினால் பவளமும் சேர்ந்து உருளும், தேயும், சாகும். முதலில் கான்கிரீட் பலகையோ கட்டையோ இறக்கி அடித்தளத்தை நிலைநிறுத்தவேண்டும். உங்கள் திட்டமதிப்பீட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

எந்த வகை? இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கிளைவிடும் அக்ரோபோரா வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும்; ஒரே ஆண்டில் புகைப்படத்துக்குக் களை கட்டும். வெப்பம் வந்தால் முதலில் சாவதும் பெரும்பாலும் அவைதான். போரைட்டீஸ், மூளைப் பவளம் போன்ற உருண்டை வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. நன்கொடையாளருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது, ஆனால் தாக்குப்பிடிக்கும். அதோடு, ஒரே தாயிலிருந்து வெட்டிய நூறு துண்டும் நகல்களே. தாய்க்கு எந்தச் சூடு ஆகாதோ அது நூறுக்கும் ஆகாது. இங்கே ஏப்ரல் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை, இரவில் பவளங்கள் கூட்டமாக முட்டையும் விந்தும் விடும். அதைச் சேகரித்து, கருவுறவைத்து, குஞ்சுகளை ஓடுகளில் ஒட்டவைத்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு மரபு கொண்டதாக இருக்கும். வேலை பத்து மடங்கு. அதனால் பலர் செய்வதில்லை.

சரி, இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள். அப்புறம்தான் கௌரி, எனக்குத் தூக்கம் கெடும் விஷயம் வருகிறது.

பவளம், தன் சதைக்குள் நுண்பாசியைக் குடிவைத்து, அது சமைப்பதைச் சாப்பிட்டுக் காலம் தள்ளும் வீட்டுக்காரர். உணவில் 90 விழுக்காடுவரை அந்தக் குடித்தனம் தருவதுதான். தண்ணீர் சூடானால், வெயிலும் சேர்ந்தால், பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகி, நச்சான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசியத் தொடங்கும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போகும், சதை கண்ணாடியாகும், உள்ளே இருக்கும் எலும்பு வெள்ளையாகத் தெரியும். இதுதான் வெளுப்பு. வெளுத்தது செத்ததல்ல, பட்டினி கிடப்பது. சில வாரங்களில் சூடு தணிந்தால் பாசி திரும்பும்; தணியாவிட்டால் சாவு. உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: வெளுத்ததில் கண்ணாடி போன்ற சதையும் உணர்கொம்புகளும் இருக்கும், செத்ததில் சில நாட்களிலேயே பழுப்பும் பச்சையுமாகப் பாசி அப்பிக்கொள்ளும். சில பவளங்கள் திடீரென்று பளீர் ஊதாவாகவும் நீலமாகவும் மின்னும். அதை 'என்ன அழகு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதுவும் அவதியின் அறிகுறிதான்.

எவ்வளவு சூடு, எத்தனை நாள்? அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா வைத்திருக்கும் கணக்கு உனக்கு உதவும். ஓரிடத்தில் ஆண்டிலேயே மிகச் சூடான மாதத்தின் நீண்டகாலச் சராசரியை எடுத்துக்கொள். சிங்கப்பூருக்கு அது ஏறக்குறைய 30 டிகிரி. அதைவிட ஒரு டிகிரியாவது கூடிய வாரங்களை மட்டும், எவ்வளவு கூடியதோ அவ்வளவாகக் கூட்டவேண்டும். 31.2, 31.5, 30.8, 31.4, 31.1 என்று ஐந்து வாரம் போனால் 1.2, 1.5, சுழி, 1.4, 1.1, மொத்தம் 5.2. கடைசிப் பன்னிரண்டு வாரத்துக்கு இப்படிக் கூட்டி, 4-ஐத் தொட்டால் வெளுப்பு வரும், 8-ஐத் தொட்டால் சாவு தொடங்கும் என்பது அவர்கள் சொல்லும் அளவு. கணக்கு செயற்கைக்கோளை நம்பியது. அதன் ஒரு கட்டம் 5 கிலோமீட்டர். நம் சிஸ்டர்ஸ் தீவு அதில் ஒரு மூலைக்குக் காணாது. அதனால் பாறையிலேயே வெப்பப் பதிவுக்கருவி ஒன்றைக் கட்டிவிடுவது நல்லது.

இங்கே பெரிய வெளுப்பு 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் வந்தது. ஒவ்வொன்றும் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவை ஒட்டித்தான். 2024 ஜூலையில் உச்சத்தில் சுமார் 44 விழுக்காடு பவளங்கள் வெளுத்தன. கடைசியில் இறந்தவை சுமார் 7 விழுக்காடு. 'பரவாயில்லையே' என்பாய். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டைப் பார்: 1998, 2002, அப்புறம் 2016, 2017, 2020, 2022, 2024, 2025. உருண்டைப் பவளம் ஓர் அங்குலம் வளர்வதற்குள் அடுத்த அடி விழுகிறது. உலக அளவில் நான்காவது பெருவெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி வெப்பமேற்றத்தில் உலகப் பவளத்திட்டுகள் 70 முதல் 90 விழுக்காடு அழியும், 2 டிகிரியில் 99-ஐத் தாண்டும் என்று பருவநிலைக்கான பன்னாட்டு அரசுக் குழு 2018-இலேயே எழுதிவைத்தது. அதே 2024-தான் ஓராண்டுச் சராசரி முதன்முறையாக 1.5-ஐத் தாண்டிய ஆண்டு. பசுங்குடில் வாயுக்கள் பிடித்துவைத்திருக்கும் மிகுதி வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் விழுங்கியிருக்கிறது. கடல்நீர் அமிலமாவதும் சேர்ந்துகொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைவிட ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 30 விழுக்காடு கூடிவிட்டன, அதனால் சுண்ணாம்பு கட்டப் பவளத்துக்குக் கூடுதல் உழைப்பு. அது மெதுவாகக் கொல்லும். வெப்பம் அதற்குள் முந்திக்கொள்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவாய். 1960-களிலிருந்து நிலமீட்பில் பாதிக்குமேல் பவளத்திட்டுகளை இழந்த பிறகும், இரண்டு மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத இந்தக் கலங்கல் தண்ணீரில் ஏறக்குறைய 250 வகைக் கடின பவளம் இருக்கிறது. கலங்கல், வெயில் நாளில் நிழலாகவும் வேலை செய்கிறது. அதற்கு விலையும் உண்டு: ஆறேழு மீட்டருக்குக் கீழே வெளிச்சம் போதாமல் பவளம் அருகிப்போகிறது. இன்னொன்று, 2010-இல் வழக்கமாக முதலில் வெளுக்கும் கிளைவகைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவின் தியோமான் தீவிலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வெளுத்தன. 1998-இல் அடிபடாத, இந்தோனேசியாவின் அச்சே பக்கத்து வே தீவில் அதே வகைகள் வழக்கம்போல் வெளுத்தன. முன்பு பட்ட சூடு எஞ்சியவற்றைப் பழக்கியிருக்கலாம். நான் இதைப் பெரிதாகப் பிடித்துத் தொங்கமாட்டேன். பழகுவதற்கு இடைவெளி வேண்டும்; அந்த இடைவெளிதான் குறைகிறது.

ஆகவே நடுவதே வீண் என்று சொல்லவில்லை. நடுவது கொஞ்சம் காலம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்தக் காலத்தையும் எண்ணிக்கைக்காக வீணாக்காதே. பத்தாயிரம் வேண்டாம், ஐந்நூறு நடுங்கள். பணத்தில் பாதியை முதல் இரண்டாண்டுப் பராமரிப்புக்கும் கணக்கெடுப்புக்கும் ஒதுக்கு. ஒப்பந்தத்தில் 'நட்ட எண்ணிக்கை' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'இரண்டாண்டு கழித்து உயிரோடிருக்கும் எண்ணிக்கை' என்று மாற்று. ஒப்பந்தக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து எனக்கு எழுது. குறைந்தது ஐந்தாறு வகை, ஒவ்வொன்றிலும் பல தாய்கள். உங்கள் பக்கம் வெளுப்பு வருவது ஏப்ரல், மே சூட்டில். எனவே பிப்ரவரியில் விழா வைத்து நடும் யோசனையைக் கைவிடு. கச்சான் காற்று அடங்கி எப்போது தண்ணீர் தெளியும் என்பதை மாமாவிடம் கேள். அவரைவிட நான் ஒன்றும் சொல்லிவிடமுடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வனத்துறை அனுமதி. மன்னார் வளைகுடாவில் அது தேசியப் பூங்கா. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒரு துண்டைக் கையில் எடுத்தாலும் குற்றம். உங்கள் தலைவர் 'எல்லாம் பேசியாச்சு' என்றால் தாளைக் காட்டச் சொல். இன்னொன்று, தூத்துக்குடியிலேயே சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் இருபது ஆண்டுக்கு மேலாக இதே வேலையைச் செய்துவருகிறது. வாசலில் ஆள் இருக்க, சிங்கப்பூரை எதற்கு முன்மாதிரி என்கிறீர்கள்? மீதிப் பணத்தில் பாறையில் சிக்கிய பழைய வலைகளை அகற்றுங்கள், படகுகள் நங்கூரம் போடாமலிருக்க மிதவை கட்டிக்கொடுங்கள். பெயர்ப்பலகை வைக்க இடமிருக்காது, அதுதான் குறை.

நிலா ஜூனில் இங்கே வரும்போது பவளம் பார்க்கவேண்டும் என்றாளாமே. அந்த மாதங்களில் நீர் மிகத் தாழ வற்றுவது விடியற்காலையில், நாலு மணிக்கெல்லாம் எழவேண்டியிருக்கும். அவள் யாருடைய மகள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவை. மூடிய காலணி, நெற்றி விளக்கு, முழுக்கைச் சட்டை. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பவள வண்ண அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது, அவளிடம் தருகிறேன். பவளத்தைத் தொடாமல், மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு எண்ணை எழுதவேண்டும். 1 முதல் 6 வரை உண்டு. முந்தைய அளவைவிட இரண்டு படி குறைந்தால் கவனிக்கவேண்டும். அதே இடத்தில் அதே பருவத்தில் திரும்பத் திரும்ப எடுத்தால்தான் பயன். ஊருக்கு வந்து உங்கள் ஐந்நூறுக்கும் அவளே கணக்கெடுக்கட்டும், சம்பளம் கேட்கமாட்டாள்.

கூட்டம் என்றைக்கு என்று சொல். அதற்கு முன் அந்த விலைப்புள்ளித் தாளை முழுதாகப் படமெடுத்து அனுப்பு. எபாக்ஸிக்கு எவ்வளவு போட்டிருக்கிறார், தூரிகைக்கு எவ்வளவு போட்டிருக்கிறார் என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
தேன்மொழி